பால் கட்டிய வாரம்

தூத்துக்குடியில் நடந்த ஒரு பயிற்சிக் கூட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள். ரசாயனம், கிருமி, அணு என்று மூன்று வகை ஆபத்து. இந்த மூன்றையும் எல்லாத் துறைகளும் எல்லா மாநிலங்களும் கைகோத்து எப்படித் தடுப்பது என்று காலையிலிருந்து பாடம். போலீஸ், தீயணைப்பு, சுகாதாரம், வருவாய்த்துறை, தபால் என்று துறைக்கொரு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பேசியவர் நல்ல மனிதர்தான். ஆனால் 'ஒத்துழைப்பு' என்ற சொல்லை மூச்சுக்கு மூச்சு சொன்னார். "உங்களில் யாருக்காவது நேரடி அனுபவம் உண்டா?" என்று கேட்டபோது நான் கையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் அன்றைக்கு அவர் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்க முடியாது. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் யாரோ தபால் உறைக்குள் ஆந்த்ராக்ஸ் கிருமியைப் பொடியாகப் போட்டு அனுப்பி ஆட்கள் செத்துப்போன வருஷம் அது. நான் கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவே ஒரு சின்ன தபாலாபீஸில் எழுத்தர். ஆபீஸில் மொத்தம் மூன்றே பேர்: போஸ்ட்மாஸ்டர், நான், தபால்காரர் அண்ணாச்சி. பிரசவ லீவு முடிந்து வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை தைக்கிற கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வாரக் கடைசியில்தான் வருவார். பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டாள். வீட்டிலிருந்தபடி தீப்பெட்டிக் கூடு ஒட்டுகிறவள். மதியம் ஆனதும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கு வந்துவிடுவாள். நான் பின்னறையில் உட்கார்ந்து பால் கொடுப்பேன். பிள்ளை வேறு எதையும் வாயில் வைக்காது. சங்கில் கொடுத்தால் துப்பும், பாட்டிலைக் காட்டினால் ஊரைக் கூட்டும்.

மழை பிடித்திருந்த நேரம். கரிசல் ரோட்டில் சைக்கிளே உருளாது. அன்று காலை நான் தபால்களுக்குத் தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். மொத்தமான கவர் ஒன்றின் மேல் குத்தியதும் அதன் ஓரம் பிய்ந்துகொண்டது. உள்ளேயிருந்து வெள்ளைப் பொடி மேசையிலும் என் கையிலும் சேலையிலும் கொட்டியது.

"போச்சு. மொதலாளி மருந்து சிந்திட்டு" என்றார் அண்ணாச்சி, பால் பொங்கி வழிந்ததைச் சொல்வதுபோல.

மருந்து என்றால் எங்கள் ஊரில் தீக்குச்சித் தலைக்குச் சேர்க்கிற குளோரேட். பக்கத்தில் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தொழிற்சாலை, வைத்திருந்த முதலாளிக்கு ஒரு வழக்கம். புது மூட்டை வந்ததும், குருணை சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்காக ஒரு கைப்பிடியைப் பேப்பரில் மடித்து, கவருக்குள் வைத்து, குடியாத்தத்தில் இதே தொழில் செய்யும் தன் மச்சானுக்குத் தபாலில் போட்டுவிடுவார். அவர் மட்டுமில்லை, சுற்றுவட்டாரத்தில் இன்னும் சிலரும் அப்படித்தான். தபாலில் போகவே கூடாத சாமான் என்பது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதனால்தான் கவரில் அனுப்புகிறவர் பேர் இருக்காது. எனக்கு முன்னால் இருந்த எழுத்தர் காலத்திலிருந்தே இது நடந்துகொண்டிருந்தது. கூட வேறு ஏதாவது கலந்திருந்தால் குத்திய குத்தில் வெடித்து அந்த முத்திரைக் கட்டையோடு என் கையும் போயிருக்கும். அன்றைக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. துடைத்துப் போடத் துணியை எடுக்கப் போனேன்.

"தொடாதம்மா" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

முகம் வெளுத்துப்போயிருந்தது மனிதருக்கு. பாவம், ஒழுங்கானவர். மேலிடத்திலிருந்து வந்திருந்த சுற்றறிக்கையை அன்று காலையில்தான் படித்து முடித்திருந்தார். அனுப்புநர் பேர் இல்லாத கவர், மொத்தமான கவர், பொடி சிந்துகிற கவர் எதைக் கண்டாலும் உடனே சொல்ல வேண்டும் என்று அதில் இருந்தது. எங்கள் முதலாளியின் கவர் அந்த மூன்றுக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"சார், இது மருந்துல்லா. நமக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும்னு சொன்னா, எப்பிடித் தெரியும்னு கேப்பாவ. இத்தன வருசமா வாங்கிப் போட்டிருக்கியேன்னு கேப்பாவ. சித்திரைல நான் ரிட்டயர்டு ஆவுதேன்மா."

"சொல்லாம விட்டுருவோம் சார். தொடச்சாச்சுன்னா முடிஞ்சுது."

அப்போது கவுண்டரில் மணியார்டர் அனுப்ப ஒருவர் நின்றிருந்தார். அவர் பொடியைப் பார்த்தார், போஸ்ட்மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார், குடையைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினார். பேப்பர் படிக்கிறவர் போலிருக்கிறது. இனி மறைக்க வழியில்லை. போஸ்ட்மாஸ்டர் போனை எடுத்து, "என்ன பொடின்னு தெரியல சார்" என்று மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார். கதவைப் பூட்டு, யாரும் வெளியே போகக்கூடாது, ஆள் வரும் என்று பதில் வந்தது. உள்ளே இருந்த தாழ்ப்பாளை அவரே போட்டார். கொஞ்ச நேரத்தில் போலீஸ் வந்து வெளியே ஒரு பூட்டைத் தொங்கவிட்டது.

ஆள் வந்தது. வராமல் என்ன, வண்டி வண்டியாக வந்தது. எதிர்த்தாற்போல வேப்பமரத்தடியில் போலீஸ், சுகாதார இன்ஸ்பெக்டர், தாலுகா ஆபீஸ் ஆள், தீயணைப்பு வண்டி எல்லாம் நின்றன. ஒவ்வொருவர் கையிலும் அவரவர் துறைச் சுற்றறிக்கை. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லை. கிருமி பரவும், ஜன்னலைச் சாத்து என்றார் சுகாதாரம். சாத்தினோம். விஷப்புகையாக இருந்தால் உள்ளே செத்துவிடுவார்கள், திற என்றார் தீயணைப்பு. திறந்தோம். கையைக் கழுவச் சொல்லுங்கள் என்று ஒருவர் கத்தினார். கழுவக்கூடாது, அது தடயம் என்றார் போலீஸ்காரர். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நடு அறையில் நின்றேன். வெடிமருந்து பார்க்கிற அதிகாரிக்குப் போன் போனது. கிருமி என்றால் எங்கள் வேலை இல்லை, மருந்து என்று யாராவது எழுதிக் கொடுத்தால் வருகிறேன் என்றாராம். மருந்து என்றால் எங்களுக்கு இங்கே என்ன வேலை என்றார் சுகாதாரம். எழுதிக் கொடுக்க யாரும் இல்லை. எரிச்சல்தான் வந்தது எனக்கு. ஊரே தீப்பெட்டி ஆபீஸை நம்பிச் சாப்பிடுகிற ஊரில், அந்தப் பொடியைப் பார்த்து இது இன்னது என்று சொல்ல ஓர் ஆண்பிள்ளைக்கும் வாய் வரவில்லை.

மதியம் அக்கா பிள்ளையோடு வந்துவிட்டாள். கூட்டத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜன்னல் பக்கம் வரப் போனவளைப் போலீஸ்காரர் கயிறு கட்டி மறித்தார். என் குரல் கேட்டதும் பிள்ளை அழ ஆரம்பித்தது. பசி அழுகை. அதைக் கேட்டதும் எனக்குப் பால் சுரந்துவிட்டது. அதைக் கட்டுப்படுத்த எந்தத் தாயாலும் முடியாது. ரவிக்கை நனைந்து, அதன் மேல் கிடந்த பொடியும் ஈரமாகி ஒட்டிக்கொண்டது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் பிள்ளை, இந்தப் பக்கம் நான், நடுவில் ஒரு கயிறும் அரசாங்கமும்.

இனிமேல் எவன் பென்சன் போனால் எனக்கென்ன என்று தோன்றிவிட்டது.

"சார், அது கிருமி இல்ல. தீப்பெட்டி மருந்து. அந்தா இருக்கே, அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் மொதலாளி அனுப்புனது. அவரைக் கூட்டிட்டு வந்து கேளுங்க" என்று வெளியே பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

சுகாதார இன்ஸ்பெக்டர், நல்ல பையன், ஜன்னலுக்குக் கொஞ்சம் கிட்டே வந்தார்.

"உங்களுக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"வழக்கமா வருத கவர் சார். எங்க எல்லாத்துக்கும் தெரியும். போஸ்ட்மாஸ்டர் சாரக் கேளுங்க."

போஸ்ட்மாஸ்டர் என் பின்னால் நின்றிருந்தார். அவரை எல்லோரும் பார்த்தார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார். தினமும் எத்தனையோ கவர் வருது" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. தபால்காரர் அண்ணாச்சி தபால் பையைக் கட்டக் குனிந்துகொண்டார்.

முதலாளியை ஜீப்பில் கூட்டிவந்தார்கள். வெள்ளை வேட்டியில் சேறு தெறிக்காமல் இறங்கி நின்றார். போலீஸைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். ஒப்புக்கொண்டால் லைசென்ஸும் போகும், ஆளும் உள்ளே போக வேண்டும். அவருடைய ஆபீஸை நம்பிக் குச்சி அடுக்குகிற பெண்களில் பாதிப்பேர் அதே கூட்டத்தில்தான் நின்றார்கள்.

"எங்க கவர் இல்ல சார். மருந்த யாராவது தபால்ல அனுப்புவாகளா? பாவம், அந்தப் பிள்ள பச்ச உடம்புக்காரி, பிள்ளைக்குப் பால் குடுக்கணுமேன்னு எதையாவது சொல்லுது" என்றார்.

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். நான் சொன்ன உண்மையை ஒரு தாயின் பதற்றம் என்று அழகாக மடித்து ஓரமாக வைத்துவிட்டார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் மட்டும் ஜன்னலை விட்டு நகரவில்லை. "நீங்க சொல்லுதது நெசமாவே இருக்கலாம்மா. ஆனா சொன்னா மட்டும் போதாது. லேப் சொல்லணும்" என்றார்.

பொழுது சாய்வதற்குள் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வளாகத்தின் மூலையில், முன்பு காசநோய்க்காரர்களுக்கென்று கட்டிய ஓட்டுக் கொட்டகை. எனக்கு ஓர் அறை, ஆண்கள் இருவருக்கும் அடுத்த அறை. சேலையை வாங்கி எரித்தார்கள். குளிக்க வைத்தார்கள். கிருமிக்கு மாத்திரை கொடுத்தார்கள். டாக்டர் வாசற்படியைத் தாண்டவில்லை. அங்கேயே நின்று, "ரிசல்ட் வாற வரைக்கும் குழந்தைக்குப் பால் குடுக்கக் கூடாதும்மா. குழந்தை கிட்டயே வரக் கூடாது" என்றார்.

"ரிசல்ட் எப்ப சார் வரும்?"

அதுதான் அவருக்கும் தெரியவில்லை. மாவட்டத்தில் பார்க்க வசதியில்லை. சென்னைக்குக் கேட்டால், வேறு மாநிலத்தில் உள்ள லேபுக்கு அனுப்பு என்றார்கள். அந்த லேபில், உங்கள் மாநிலத்திலிருந்து முறையான கடிதம் வேண்டும் என்றார்கள். எப்படி அனுப்புவது என்று அடுத்த குழப்பம். ரெஜிஸ்டர் பார்சலில் அனுப்பலாம் என்று யாரோ ஒரு புத்திசாலி சொன்னானாம். கடைசியில் ஒரு போலீஸ்காரரிடம் பொடியை எவர்சில்வர் தூக்கில் வைத்து, மூடியைத் துணியால் கட்டி, ரயில் ஏற்றிவிட்டார்கள். அந்த மனிதர் பக்கத்தில் எத்தனை பேர் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டார்களோ. நர்ஸ் இதைச் சொன்னபோது சிரித்தேன். சிரிக்கும்போதே நெஞ்சு வலித்தது. பால் கட்ட ஆரம்பித்திருந்தது.

பீச்சித்தான் பார்த்தேன். பீச்சியதைப் பிளீச்சிங் பவுடர் போட்ட வாளியில் ஊற்றச் சொன்னார்கள், அதுவும் கிருமியாம். என் பிள்ளை உயிரைக் கொடுத்துக் கேட்ட பாலை நானே மருந்துத் தண்ணீரில் ஊற்றினேன். பிள்ளை சப்பி இழுப்பதும் கையால் பிதுக்குவதும் ஒன்றா? கொஞ்சம் வரும், மிச்சம் உள்ளே நிற்கும். இரண்டு பக்கமும் கல்லாக இறுகிவிட்டது. கையைத் தூக்க முடியவில்லை. காய்ச்சல் வந்தது.

காய்ச்சல் வந்ததும் ஆஸ்பத்திரியே ஆடிப்போய்விட்டது. அதுவரை வாசற்படியில் நின்ற டாக்டர் முற்றத்தில் இறங்கி நின்றார். நர்ஸ் மூக்கில் இரட்டைத் துணி கட்டிக்கொண்டாள். ஆந்த்ராக்ஸுக்கு முதல் அறிகுறி காய்ச்சலாம்.

"இது பால்காய்ச்சல் சார். தொட்டுப் பாருங்க, எப்பிடிக் கட்டியிருக்குன்னு" என்றேன்.

"இருக்கலாம். ஆனா காய்ச்சலோட இருக்கிற யாரையும், ரிசல்ட்டே வந்தாலும் விட முடியாது. மேல இருந்து கேப்பாங்க."

அடுத்த அறையில் இதெல்லாம் கேட்டிருக்கும். நடுச்சுவர் ஓடு வரைக்கும் போகவில்லை, மூச்சு விட்டாலே கேட்கும். கொஞ்ச நேரம் கழித்துப் போஸ்ட்மாஸ்டரின் குரல் வந்தது. "எம்மா, எப்பிடி இருக்கு?"

"உம்ம பென்சனுக்கு எம்பிள்ள பாலத்தான் குடுக்கணுமா சார்? நல்லா இரும்" என்றேன். அதுவரை 'நீங்க' என்றே பேசிய அவரை 'உம்ம' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் டாக்டர் வந்ததும் மனிதர் கதவோரம் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். குளோரேட், முதலாளி, குடியாத்தம், தான் கண்டும் காணாமல் விட்டது, ஒன்றையும் மறைக்கவில்லை. "என் மேல என்ன நடவடிக்க வேணும்னாலும் எடுங்க சார், அந்தப் பிள்ளைய விட்டுருங்க" என்றார். எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் அழுகை வந்தது. அவ்வளவு கோபமும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா அங்கனயே முடிஞ்சிருக்கும் சார். இப்ப சாம்பிள் கிளம்பிப் போயிட்டுது. ரெக்கார்டுல ஆந்த்ராக்ஸ் சந்தேகம்னு ஏறிட்டுது. இனி அது இல்லன்னு வந்தாத்தான் நான் கதவத் தொறக்க முடியும். நீங்க சொன்னத நான் எங்க எழுதுறது? இதுக்கு இடமே இல்ல" என்றார். உள்ளே வருவதற்கு எல்லாத் துறைக்கும் வழி இருந்தது. வெளியே விடுவதற்கு ஒரு துறைக்கும் அதிகாரம் இல்லை.

அக்கா தினமும் கொட்டகையின் பின்பக்கம், கம்பி வலை அடித்த ஜன்னலுக்கு வருவாள். பிள்ளையைக் கொண்டுவர அவளுக்குத் தடை. என் வீட்டுக்காரர் புதியம்புத்தூரிலிருந்து ஓடிவந்து கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனார் என்று அவள்தான் சொன்னாள்.

"பிள்ள என்னத்தக்கா குடிக்கா?"

"மொதல்ல எல்லாத்தையும் துப்புனா. நேத்தையிலருந்து பாட்டில்ல கொஞ்சம் இழுக்குதா. நீ அழாத ஏட்டி."

இழுக்கிறாள் என்றதும் உயிர் வந்தது. உடனே இன்னொன்றும் வந்தது, அதற்குப் பேர் பொறாமை. ரப்பரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்கு அது சிரிப்பாக இல்லை.

காய்ச்சல் இறங்கவில்லை. மாத்திரைக்கும் அசையவில்லை. நர்ஸ் எழுதுகிற சூட்டுக் கணக்கை டாக்டர் முற்றத்திலிருந்தே கேட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போவார். எனக்குக் கணக்கு புரிந்துவிட்டது. பால் கட்டியிருக்கிற வரைக்கும் காய்ச்சல். காய்ச்சல் இருக்கிற வரைக்கும் பூட்டு. பால் வற்றினால் காய்ச்சல் இறங்கும், என்னை விடுவார்கள். ஆனால் பால் வற்றிய பிறகு நான் வெளியே போய் என்ன செய்ய? பிள்ளைக்குப் பால் கொடுக்கத்தானே நான் போக வேண்டும்? படுத்தபடி ஓட்டைப் பார்த்துக்கொண்டே இதையே திருப்பித் திருப்பி நினைத்தேன். எந்தப் பக்கம் போனாலும் அதே சுவரில்தான் வந்து முட்டியது.

அக்கா மறுபடி வந்தபோது சொன்னேன். "அக்கா, மல்லிகப்பூ வாங்கிட்டு வா. நெறையா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். பிள்ளை தவறிப்போனவளுக்கும், பால் மறக்கடிக்கிறவளுக்கும்தான் மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள். பால் வற்றிவிடும்.

"ஏட்டி, இன்னும் ரெண்டு நாள் பாப்பமே. ரிசல்ட் வந்துருமாம்லா."

"வந்தாலும் காய்ச்சலோட விடமாட்டாவளாம். காய்ச்சல்ல கெடந்து நான் செத்துப்போனா எம்பிள்ளைய யாரு பாப்பா? வாங்கிட்டு வா."

வாழை இலையில் பொதிந்து கொண்டுவந்தாள். வலைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாகச் சரம் சரமாக உள்ளே விட்டாள். வாங்கும்போது இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரித் துணியைக் கிழித்து, பூவை வைத்து, இறுக்கிக் கட்டினேன். கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு பூவை நான் கையில் தொட்டதில்லை. வாசனை அறையை நிறைத்தது. அடுத்த அறையில் அண்ணாச்சி, "யாருல பூ வச்சிருக்கது" என்று கேட்டார். போஸ்ட்மாஸ்டர் அவரைச் சும்மா இருக்கச் சொன்னது கேட்டது. பூ வாட வாட மாற்றிக் கட்டினேன்.

காய்ச்சல் இறங்கியது. கல்லாக இருந்தது இளகியது. டாக்டர் மறுபடி வாசற்படிக்கு வந்தார்.

ரிசல்ட்டும் வந்தது. ஆந்த்ராக்ஸ் கிருமி இல்லை. அவ்வளவுதான் அந்தத் தாளில் இருந்தது. அப்படியானால் அது என்ன பொடி என்று அந்த லேபில் யாரும் பார்க்கவில்லை. அவர்களிடம் கேட்டது கிருமி உண்டா இல்லையா என்று மட்டும்தான். வெடிமருந்து அதிகாரிக்குக் கிருமி இல்லை என்ற நகல் போயிருக்கும், கோப்பில் போட்டு மூடியிருப்பார். கை போகிற சாமான் தபால் பையில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது ஒரு தாளிலும் ஏறவில்லை. போஸ்ட்மாஸ்டரின் பென்சனும் பிழைத்தது, முதலாளியின் லைசென்ஸும் பிழைத்தது. கொட்டகைப் பூட்டைத் திறந்த அதிகாரி கைகொடுத்து, "ஒத்துழைப்புக்கு நன்றிம்மா" என்றார். அந்தக் கையை நான் தொடவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். அக்கா வாசலில் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் பிள்ளை சிரித்தாள், மறக்கவில்லை. வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். ஒருவேளை பிள்ளை வாய் வைத்தால் திரும்பச் சுரக்கும் என்று மனசின் ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்தது. மடியில் போட்டதும் பழைய வழக்கத்தில் தானாகவே வாயைக் கொண்டுவந்தாள். வேகமாக இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். நிறுத்திவிட்டு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். மறுபக்கம் மாற்றினேன். அங்கேயும் வாய் வைத்தாள். அதன்பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு, வாசலில் நின்ற அக்காவைப் பார்த்துக் கையை நீட்டி அழுதாள். அக்கா அசையாமல் நின்றாள். நான்தான் எழுந்துபோய்ப் பிள்ளையை அவளிடம் கொடுத்து, "பாட்டில எங்கன வச்சிருக்க?" என்று கேட்டேன்.